விபி 6 பில்லிங் மென்பொருளை உலாவிக்கு மாற்றுவதா, டெஸ்க்டாப்பிலேயே புதிதாக எழுதுவதா?

வைப்பாறு (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம்.

விருதுநகரில் பருப்பு, மல்லி, மிளகாய் வற்றல் போன்றவற்றை மொத்தமாக விற்கும் கடைகளுக்கான பில்லிங் மென்பொருள் ஒன்றைப் பராமரித்து வருகிறேன். அது விஷுவல் பேசிக் 6-இல் எழுதப்பட்டது. தரவுத்தளம் எஸ்.க்யூ.எல். சர்வர், கடையில் உள்ள கணினிகள் உள் நெட்வொர்க் வழியாக அதனுடன் நேரடியாகப் பேசுகின்றன. விபி 6-இல் நிரல் எழுதும் சூழலுக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2008 ஏப்ரலிலேயே நிறுத்திவிட்டது என்றாலும், அதில் எழுதிய நிரலை இயக்கும் ரன்டைம் இன்றும் விண்டோஸுடன் வருவதால் மென்பொருள் விண்டோஸ் 11-இலும் ஓடுகிறது. ஆனால் புதிய கணினி வாங்கும்போதெல்லாம் திரை உறுப்புகளைத் தரும் ஓ.சி.எக்ஸ். கோப்புகளைப் பதிவு செய்ய யாராவது நேரில் போக வேண்டியிருக்கிறது. கடை முதலாளிகள் இருப்பையும் வரவேண்டிய பாக்கியையும் கைப்பேசியில் பார்க்க விரும்புகிறார்கள். வெளியூரில் கிளை திறந்தவர்களுக்கு இரண்டு இடத்துக் கணக்கும் ஒரே திரையில் வேண்டும். எல்லாம் நியாயமான தேவைகள் என்பதால், முழுவதையும் உலாவிக்கு மாற்றிவிடலாம் என்று நினைத்திருந்தேன்.

இதற்கிடையில் ஒரு கடையில் வேறொரு நிறுவனத்தின் வலைவழி பில்லிங்கைச் சில நாள் வைத்துப் பார்த்தார்கள். பில் போடும் ஊழியர்கள் அனைவரும் அதை மறுத்துவிட்டார்கள். ‘ஸ்லோவாக இருக்கிறது, தப்பு வருகிறது’ என்பதற்கு மேல் அவர்களால் காரணம் சொல்ல முடியவில்லை. நான் பக்கத்தில் நின்று பார்த்தவரை பக்கம் விரைவாகவே திறந்தது. பில் சேமிக்கப்படும் நேரமும் பழைய மென்பொருளுக்குச் சமமாகவே இருந்தது.

எங்கள் பில் திரையின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். மேலே பார்ட்டி பெயர், கீழே எம்.எஸ்.ஃப்ளெக்ஸ்கிரிட் என்ற அட்டவணை. அதன் கட்டங்களுக்குள் நேரடியாகத் தட்டச்சு செய்ய வழியில்லாததால், அந்தக் காலத்தில் எல்லோரும் செய்ததைப் போலவே, நடப்புக் கட்டத்தின் மேல் ஒரு டெக்ஸ்ட்பாக்ஸை மிதக்கவிட்டிருக்கிறோம். சரக்கின் எண்ணை அடித்து என்டர் தட்டினால், எந்தக் குடோனில் எந்த லாட்டில் எத்தனை மூட்டை இருக்கிறது என்ற சிறு சாளரம் திறக்கும். லாட்டைத் தேர்ந்து என்டர் தட்டினால் மூட்டை, எடை, விலை என அடுத்தடுத்த கட்டங்களுக்குப் போகும். மவுஸைத் தொட வேண்டிய இடமே கிடையாது. பழகிய ஊழியர் திரையைப் பார்க்காமல், கையிலுள்ள சிட்டையைப் பார்த்தபடியே ஒரு பில்லை அடித்து முடிப்பார்.

இப்படிப்பட்ட திரையை உலாவியில் உண்மையாகவே கொண்டுவர முடியுமா? அல்லது மைக்ரோசாஃப்டின் நிரல் தளமான டாட்நெட்டில் டெஸ்க்டாப் மென்பொருளாகவே திரும்ப எழுதுவது நல்லதா? ஒருமுறை எழுதினால் நீண்ட காலம் நிற்க வேண்டும் என்பதால், அனுபவம் உள்ளவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

பொருநைக்கரை:

வணக்கம் ஐயா. உங்கள் ஊழியர்கள் சொன்ன இரண்டு குறைகளும் ஒரே காரணத்திலிருந்து வந்தவை என்றே நினைக்கிறேன். அடித்த விசை எந்தக் கட்டத்துக்குப் போய்ச் சேர்கிறது என்பதுதான் சிக்கல்.

விண்டோஸ் மென்பொருளில் நாம் அடிக்கும் விசைகள் ஒரு வரிசையில் சேர்கின்றன. உங்கள் திரையில் என்டர் தட்டியவுடன் நிரல் தரவுத்தளத்திடம் லாட் பட்டியலைக் கேட்டுக் காத்திருக்கிறது. அந்த இடைவெளியில் ஊழியர் அடுத்த இரண்டு மூன்று விசைகளை அடித்துவிட்டாலும் அவை வரிசையிலேயே நிற்கும். லாட் சாளரம் திறந்து ஃபோகஸ் (அடிக்கும் விசைகளை ஏற்கும் இடம்) அதற்கு மாறிய பிறகே எடுக்கப்படுவதால், சரியான இடத்துக்குப் போய்ச் சேரும். திரையைப் பார்க்காமல் பில் அடிக்க முடிகிறது என்றால் அதற்கு இந்த ஏற்பாடே காரணம். இதற்காக யாரும் தனியாக நிரல் எழுதவில்லை என்பதால், இப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரிவதில்லை.

உலாவியில் இது கிடையாது. பக்கம் சர்வருக்கு வேண்டுகோளை அனுப்பிவிட்டுத் தன் போக்கில் இயங்கிக்கொண்டே இருக்கும். பதில் வரும்வரை ஃபோகஸ் பழைய கட்டத்திலேயே நிற்கும். ஊழியர் 41 அடித்து என்டர், இரண்டாவது லாட்டுக்கு 2 அடித்து என்டர், 15 மூட்டைக்கு 15 அடித்து என்டர் தட்டுகிறார் என்று வையுங்கள். முதல் என்டருக்கான பதில் வரத் தாமதமானால், 2 என்ற விசை சரக்கு எண் கட்டத்திலேயே விழுந்து 41 என்பது 412 ஆகிவிடும். அடுத்த என்டர் 412-க்கான லாட்டுகளைக் கேட்கும். அப்படியொரு சரக்கு உண்மையிலேயே இருந்துவிட்டால், துவரம் பருப்பு போக வேண்டிய பில்லில் வேறொன்று ஏறிவிடும். இதற்குப் பயந்து ஊழியர் ஒவ்வொரு என்டருக்குப் பிறகும் திரையை நிமிர்ந்து பார்க்கத் தொடங்குகிறார். அவர் ‘ஸ்லோ’ என்று சொல்வது இதைத்தான்.

உள் நெட்வொர்க்கில் ஓரிரு மில்லி நொடியில் வரும் பதில், இணையம் வழியாக வரும்போது பல பத்து மில்லி நொடிகள் ஆகும், நெரிசலான நேரத்தில் நூறையும் தாண்டும். வேகமாக அடிப்பவரின் இரண்டு விசைகளுக்கு இடைப்பட்ட நேரமும் ஏறத்தாழ அவ்வளவுதான். கூகுள் 2024 மார்ச் முதல் பக்கங்களை அளக்கும் ஐ.என்.பி. அளவுகோல் இந்தக் குறையைக் காட்டிக்கொடுக்காது என்பதையும் கவனிக்க வேண்டும். விசையை அடித்ததிலிருந்து திரை அடுத்த முறை வரையப்படும் வரையான நேரத்தை அது அளக்கிறது. 200 மில்லி நொடிக்குள் இருந்தால் நல்லது என்கிறது. என்டருக்குச் சர்வர் வேண்டுகோளை மட்டும் அனுப்பிவிட்டு நகரும் பக்கம் அந்தத் தேர்வில் எளிதாகத் தேறிவிடும், 412 மட்டும் பில்லில் இருக்கும்.

இதற்குத் தீர்வு உண்டு. ஒரு மொத்தக் கடையின் சரக்குப் பட்டியல், பார்ட்டி பட்டியல், கையிருப்பில் உள்ள லாட்டுகள் எல்லாவற்றையும் சேர்த்தாலும் சில எம்.பி.தான் வரும். காலையில் பக்கம் திறக்கும்போதே அவற்றை உலாவியின் நினைவகத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள். ஜாவாஸ்கிரிப்ட் சில ஆயிரம் வரிகளில் தேடுவதற்கு எடுக்கும் நேரம் மனிதனுக்குத் தெரியாது. என்டர் விசையைக் கையாளும் அதே செயற்கூறுக்குள், எதற்கும் காத்திராமல், லாட் பட்டியலைத் திறந்து ஃபோகஸையும் மாற்றிவிட வேண்டும். ‘செட்டைம்அவுட்’ போட்டுச் சற்றுப் பொறுத்து ஃபோகஸை மாற்றும் பழக்கம் பலரிடம் இருக்கிறது; மெதுவாக மங்கித் தெளியும் சாளரங்கள் முழுதும் தெளிந்த பிறகே ஃபோகஸ் வாங்கும் நூலகங்களும் உள்ளன. பில் திரையில் இரண்டையும் அடியோடு தவிர்த்துவிடுங்கள். வேறொரு கவுன்டரில் விற்பனை நடந்தால் மாறிய இருப்பை வெப்சாக்கெட் என்ற, திறந்தே இருக்கும் இணைப்பு வழியாக எல்லாத் திரைகளுக்கும் தள்ளலாம். அப்படியும் ஒரே லாட்டை இருவர் விற்றுவிடும் வாய்ப்பு இருப்பதால், இறுதிச் சரிபார்ப்பைச் சேமிக்கும்போது சர்வரே செய்ய வேண்டும்.

சர்வரைக் கேட்டுத்தான் ஆக வேண்டும் என்ற இடங்களில், அந்த இடைவெளியில் வரும் விசைகளை நீங்களே பிடித்து வைத்திருந்து, புதிய கட்டம் தயாரானதும் அதில் இட வேண்டும். அப்போது விசை நிகழ்வைச் செயற்கையாக உருவாக்கி அனுப்பினால் எழுத்து கட்டத்தில் விழாது. பாதுகாப்பு கருதி உலாவி அதை உண்மையான விசையாக ஏற்பதில்லை. கட்டத்தின் மதிப்பையே நிரலால் மாற்ற வேண்டும்.

நொய்யல்:

பொருநைக்கரை சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். அதோடு உலாவி தனக்கென வைத்துக்கொள்ளும் விசைகளையும் கணக்கில் எடுங்கள். எஃப்5, கன்ட்ரோல்+எஸ், கன்ட்ரோல்+பி போன்றவற்றை நம் நிரல் மறித்து எடுத்துக்கொள்ளலாம். கன்ட்ரோல்+என், கன்ட்ரோல்+டி, கன்ட்ரோல்+டபிள்யூ ஆகியவற்றைக் குரோமின் சாதாரணத் தாவலில் மறிக்க முடியாது. கன்ட்ரோல்+என் ‘புதிய பில்’ என்று பழகிய கைக்கு உலாவியின் புதிய சாளரம் திறந்தால் எரிச்சல் வரத்தான் செய்யும். உங்கள் ஊழியர்கள் டேலியிலும் வேலை செய்பவர்களாக இருந்தால், எஃப்8 விற்பனை, எஃப்9 கொள்முதல் என்று கை ஏற்கெனவே பழகியிருக்கும். அந்த இரண்டையும் உலாவியில் அப்படியே வைத்துக்கொள்ளத் தடையில்லை.

அடுத்தது, கடைகளுக்கு வலைச் செயலி செய்பவர்கள் பெரும்பாலும் தாமதமாகக் கண்டுகொள்ளும் செய்தி. இணையம் அறுந்தாலும் வியாபாரம் நடக்க வேண்டும் என்பதால் சர்வரைக் கடைக்குள்ளேயே ஒரு கணினியில் வைப்பீர்கள். மற்றக் கணினிகள் அதன் உள் நெட்வொர்க் முகவரியை எச்.டி.டி.பி. வழியாகத் திறக்கும். அப்படித் திறக்கும் பக்கத்தை உலாவி பாதுகாப்பான பக்கமாகக் கருதாது. இணையமின்றியும் பக்கத்தை ஓட்ட உதவும் சர்வீஸ் வொர்க்கர், கோப்புகளை நேரடியாகக் கையாளும் வசதி, சீரியல் போர்ட் வசதி எதுவும் அதற்குக் கிடைக்காது. நிரல் எழுதுபவரின் கணினியில் ‘லோக்கல்ஹோஸ்ட்’ முகவரிக்கு விதிவிலக்கு உண்டு. அதனால் அங்கே எல்லாம் வேலை செய்யும், கடையில் வேலை செய்யாது. சொந்த டொமைன் ஒன்றை வாங்கி, அதைக் கடையின் உள் முகவரிக்குச் சுட்டி, டி.என்.எஸ். பதிவு மூலம் எச்.டி.டி.பி.எஸ். சான்றிதழ் பெறுவதே சுத்தமான வழி. லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு அதை இலவசமாகத் தருகிறது.

உலாவியால் செறிவான இடைமுகம் முடியுமா என்ற ஐயம் உங்களுக்கு வேண்டாம். ஃபிக்மா என்ற வடிவமைப்பு மென்பொருளின் வரைதளம் சி++ நிரலாக எழுதப்பட்டு, உலாவி ஓட்டக்கூடிய வெப்அசெம்ப்ளியாக மாற்றப்பட்டு, உலாவிக்குள் ஓடுகிறது. கூகுள் டாக்ஸ் தன் ஆவணப் பரப்பை எச்.டி.எம்.எல். உறுப்புகளிலிருந்து நிரலே வரையும் பரப்பான கேன்வாஸுக்கு மாற்றப்போவதாக 2021-இல் அறிவித்தது. ஆனால் இவர்களைப் பார்த்து நீங்களும் கேன்வாஸில் கட்டம் வரையத் தொடங்கக் கூடாது. அப்படி வரைந்தால் தட்டச்சு, கர்சர் நகர்வு, எழுத்துத் தேர்வு, திரைவாசிப்பான் ஆதரவு எல்லாவற்றையும் நாமே திரும்பக் கட்ட வேண்டும். அதற்குரிய ஆள்பலம் அவர்களிடம் இருக்கிறது. பில் திரைக்குச் சாதாரண உள்ளீட்டுக் கட்டங்களே போதும். ஒரு பில்லில் எத்தனை வரி வந்துவிடப் போகிறது! ஆயிரக்கணக்கான வரிகள் வரும் லெட்ஜர் திரையில் மட்டும், கண்ணுக்குத் தெரியும் வரிகளை மட்டுமே உருவாக்கி உருட்டும் முறையைக் கையாளுங்கள்.

வைப்பாறு:

இருவருக்கும் மிக்க நன்றி. 41, 412 ஆகும் சிக்கலை அந்தக் கடையின் பழைய பில்களில் தேடிப் பார்க்கப் போகிறேன்.

இரண்டு செய்திகளைக் கேள்வியில் குறிப்பிடாமல் விட்டுவிட்டேன். பில் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் ஆங்கில எழுத்தில் அச்சாகிறது. வண்டியில் ஏற்றுபவர்கள் படிப்பதற்காகக் குடோனுக்குப் போகும் சீட்டு மட்டும் தமிழில், லேசர் பிரிண்டரில் வருகிறது. விபி 6-இன் கட்டங்கள் யூனிகோடை ஏற்காத காரணத்தால், சரக்குகளின் தமிழ்ப் பெயர்கள் யூனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவில் தட்டப்பட்டு அப்படியே தரவுத்தளத்தில் உள்ளன. எந்தப் பாதையைத் தேர்ந்தாலும் இவ்விரண்டையும் கடந்தாக வேண்டும்.

காரைநிலா:

எனக்கு நொய்யலின் முடிவில் உடன்பாடில்லை. உலாவியால் முடியும் என்பது உண்மை. பில் கவுன்டருக்கு உலாவி ஏன் வேண்டும் என்பதை யாரும் சொல்லவில்லை. கைப்பேசியில் இருப்பைப் பார்க்கக் கேட்பவர் முதலாளி; அவருக்கு வலைப்பக்கம் கொடுங்கள். பில் போடுபவர் நாள் முழுவதும் ஒரே கணினியில், ஒரே திரையில், ஒரே பிரிண்டருடன் வேலை செய்பவர். அவருக்கு வேண்டியவை விசைவரிசையும் நேரடி அச்சும். இரண்டும் டெஸ்க்டாப்பில் கேட்காமலே கிடைக்கின்றன. உலாவியில் ஒவ்வொன்றையும் உழைத்து மீட்க வேண்டியிருக்கிறது என்பதை மேலேயுள்ள பதில்களே காட்டுகின்றன.

டாட் மேட்ரிக்ஸ் விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். உங்கள் பழைய நிரல் பிரிண்டருக்கு எழுத்துகளையும், அச்சமைப்பைச் சொல்லும் எஸ்கேப் கட்டளைகளையும் நேரடியாக அனுப்புகிறது; பிரிண்டர் தன்னிடமுள்ள எழுத்துருவால் சடசடவென்று அடித்துத் தள்ளுகிறது. உலாவியின் அச்சுக் கட்டளை பக்கத்தை வடிவமைத்து விண்டோஸின் டிரைவர் வழியாகப் படமாக அனுப்பும். அதே பில்லை ஊசிகள் புள்ளி புள்ளியாக வரைய வேண்டியிருப்பதால் நேரம் பல மடங்காகும், கார்பன் படிகளில் எழுத்தும் மங்கும். இடையில் அச்சு உரையாடல் பெட்டி வேறு வந்து நிற்கும். இதைத் தவிர்க்க ஒவ்வொரு கணினியிலும் ஒரு சிறு உதவி நிரலை நிறுவுகிறார்கள். பக்கம் அதனிடம் பில்லைக் கொடுக்க, அது பிரிண்டருக்கு அனுப்பும். அதையும் நேரில் போய் நிறுவித்தான் ஆக வேண்டும் என்றால், நேரில் போக வேண்டியிராது என்ற உலாவியின் பெரிய ஆதாயத்தில் பாதி போய்விடுகிறது.

நீண்ட காலம் நிற்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தத் துறையின் கடந்த காலம் அதற்குத் தெளிவான விடை தருகிறது. ‘ரிச் இன்டர்நெட் அப்ளிகேஷன்’ என்று பேசப்பட்ட காலத்தில் ஃப்ளாஷ் மேல் ஓடிய ஃப்ளெக்ஸிலும் மைக்ரோசாஃப்டின் சில்வர்லைட்டிலும் எத்தனையோ நிறுவன மென்பொருள்கள் எழுதப்பட்டன. ஃப்ளாஷுக்கான ஆதரவு 2020 டிசம்பர் 31-ஆம் தேதியுடன் முடிந்தது. சில்வர்லைட்டுக்கு 2021 அக்டோபர் 12-ஆம் தேதியுடன். இணையம் வழியாக ஜாவா நிரல்களை இறக்கி ஓட்டிய ஜாவா வெப் ஸ்டார்ட்டை ஜாவா 11-லேயே எடுத்துவிட்டார்கள். அவற்றில் எழுதியவர்கள் எல்லாவற்றையும் மறுபடி எழுத வேண்டியதாயிற்று. உங்கள் விபி 6 நிரலோ இன்றும் ஓடுகிறது. உலாவிக்கும் இயங்குதளத்துக்கும் நடுவே யாரோ ஒருவர் கொண்டுவந்து வைத்த அடுக்குகள்தான் வீழ்ந்தன. விண்டோஸின் அடிப்படை இடைமுகமும் சாதாரண எச்.டி.எம்.எல்.-லும் நிலைத்தன. டெஸ்க்டாப் திரைகள் எழுதுவதற்கான விண்ஃபார்ம்ஸ் 2002-இல் டாட்நெட்டின் முதல் பதிப்புடன் வந்தது. 2019-இல் டாட்நெட் கோர் 3.0-க்கும் கொண்டுவரப்பட்டு இன்றும் பராமரிக்கப்படுகிறது. விபி 6-இலிருந்து வருபவருக்கு அதன் போக்கும் பழகியதாகவே இருக்கும். ஆகவே கவுன்டருக்கு விண்ஃபார்ம்ஸ், முதலாளிக்குச் சட்டகங்கள் குறைந்த எளிய வலைப்பக்கம் என்பது என் பரிந்துரை.

இரண்டுக்கும் முன்பாகச் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. திரை நிரல் தரவுத்தளத்தை நேரடியாகத் தொடும் வழக்கத்தை விட்டுவிட்டு, பில் சேமிப்பது, இருப்பைக் குறைப்பது, வரி கணக்கிடுவது ஆகியவற்றைச் சர்வரில் தனிச் சேவையாகப் பிரித்து வையுங்கள். இப்போது அந்த விதிகள் படிவங்களின் பொத்தான் நிகழ்வுகளுக்குள் சிதறிக் கிடக்கும் என்றே ஊகிக்கிறேன். அவை ஓரிடத்துக்கு வந்துவிட்டால், விபி 6 திரையையே சில காலம் அந்தச் சேவையுடன் பேச வைத்து, திரைகளை ஒவ்வொன்றாக மாற்றலாம். கடை ஒருநாளும் நிற்காது.

நொய்யல்:

காரைநிலாவின் கடைசிப் பத்தியை நானும் வழிமொழிகிறேன். ஆனால் ஒரே பில் விதியைக் காட்டும் திரைகளை இரண்டு நிரல் மொழிகளில் வைத்துப் பராமரிப்பது ஒற்றை ஆளுக்குப் பெருஞ்சுமை. கவுன்டர் திரையையும் வலை நுட்பத்திலேயே எழுதி, அதை எட்ஜ் உலாவியின் இயந்திரமான வெப்வியூ2 வைத்த ஒரு சிறிய விண்டோஸ் உறைக்குள் ஓட்டும் வழியும் இருக்கிறது. விண்டோஸ் 11-இல் வெப்வியூ2 உடன் வருகிறது. எலக்ட்ரானைப் போல குரோமியம் என்ற முழு உலாவியையும் ஒவ்வொரு மென்பொருளுடனும் சுமந்து போக வேண்டியதில்லை. அதனால் நிறுவும் கோப்பு சிறிதாகவே இருக்கும். உறை உங்களுடையது என்பதால் கன்ட்ரோல்+என் விசையையும் நீங்களே எடுத்துக்கொள்ளலாம். பிரிண்டருக்கு எஸ்கேப் கட்டளைகளையும் நேரடியாக அனுப்பலாம். முதலாளியின் கைப்பேசித் திரைக்கும் கவுன்டர் திரைக்கும் பொதுவான பகுதிகளை ஒருமுறை எழுதினால் போதும்.

காரைநிலா:

பராமரிப்பவர் ஒருவரே என்றால் அந்த வாதத்தில் வலு இருக்கிறது. பொருநைக்கரை சொன்ன உள்நினைவக முறையை முதலில் லாட் சாளரத்துக்கு மட்டும் செய்து, பழகிய ஊழியர் ஒருவரைத் திரையைப் பார்க்காமல் அடிக்கச் சொல்லிப் பாருங்கள். அதில் தேறினால் வெப்வியூ2 உறையை நம்பி இறங்கலாம். தேறாவிட்டால் விண்ஃபார்ம்ஸுக்கு வாருங்கள்.

பொருநைக்கரை:

பாமினித் தரவு பற்றி இன்னும் யாரும் சொல்லவில்லை என்பதால் அதை மட்டும் எழுதுகிறேன்.

பாமினியில் தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளின் குறியெண்களிலேயே சேமிக்கப்படுகின்றன. ஆகவே ஒரு பெயர் தமிழா ஆங்கிலமா என்பதைத் தரவைப் பார்த்துச் சொல்ல முடியாது. எந்த எழுத்துருவில் காட்டப்பட்டது என்பதே அதை முடிவு செய்கிறது. அட்டவணையின் எந்தப் பத்திகள் பாமினி என்று முதலில் குறித்துக்கொள்ளுங்கள். தமிழ்ப் பெயருக்குள்ளேயே ‘கிலோ’ என்பதற்கு ஆங்கிலச் சுருக்கத்தை அடித்திருக்கும் வரிகள், பழைய திரையிலேயே குழப்பமான தமிழ் எழுத்துகளாகத் தெரிந்துகொண்டிருக்கும்; அவற்றைக் கையால்தான் திருத்த வேண்டும்.

பாமினி எழுத்துகளைக் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் வைக்கிறது. ‘கொ’ என்பது கொம்பு, ககரம், கால் என மூன்று குறிகளாக இருக்கும். யூனிகோடில் ககரம் முதலில் வந்து ஒகரக் குறி பின்னால் வர வேண்டும். மாற்றி நிரல்கள் பல கிடைக்கின்றன. எதைப் பயன்படுத்தினாலும் முடிவில் யூனிகோடின் சீர் வடிவங்களில் ஒன்றான என்.எஃப்.சி. வடிவத்துக்கு ஒழுங்குபடுத்திவிடுங்கள். ஒகரக் குறி ஒரே குறியாகவும் இருக்கலாம், எகரக் கொம்பும் காலுமாகப் பிரிந்தும் இருக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், தேடலில் ஒன்றுக்கு மற்றது கிடைக்காது.

பெயர் வரிசையையும் கவனியுங்கள். யூனிகோடின் குறியெண் வரிசையில் னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும் வருவதால், வெறுமனே வரிசைப்படுத்தினால் சரக்குப் பட்டியல் நம் அகர வரிசையில் அமையாது. ஜாவாஸ்கிரிப்டின் ‘இன்ட்ல் கொலேட்டர்’ வசதியில் தமிழ் என்று குறிப்பிட்டால் சரியான வரிசை கிடைக்கும். யாராவது தமிழில் பெயரைத் தட்டித் தேடுவதாக இருந்தால், எழுத்து இன்னும் உருவாகிக்கொண்டிருக்கும் நிலையில் வரும் என்டரை அடுத்த கட்டத்துக்குப் போகும் என்டராக எடுத்துக்கொள்ளாமல், ‘இஸ்கம்போசிங்’ என்ற பண்பைச் சோதித்துவிட்டே நகர்த்துங்கள். இல்லாவிட்டால் கடைசி எழுத்து அரைகுறையாக இருக்கும்போதே ஃபோகஸ் தாவிவிடும்.